மடலில் வந்த என் வாய்

எங்கள் சித்தி தருமபுரியில் விடுதியில் தங்கிக் காலேஜ் படித்தாள். அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் வாரக் கடைசியில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். அவளோடு படித்தவர்கள் மாதம் ஒரு மடல் போடுவார்கள். நான்கு பக்கம், ஜெராக்ஸ் எடுத்தது. விளையாட்டு விழா, தேர்வுத் தேதி, கேன்டீன் வடையைப் பற்றிய புகார், அவ்வளவுதான் இருக்கும். ஒரு மாதம், விடுதிக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மிஷின் வந்த செய்தியைச் சித்தியை எழுதச் சொன்னார்கள். அவள் பாதி வரைக்கும் மிஷினைப் பற்றி எழுதிவிட்டு, மீதியில் எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரைப் பற்றி எழுதிவிட்டாள். "மூன்று வருஷம் இங்கே நல்ல தண்ணீர் குடிப்போம். பிறகு ஊருக்குத்தானே போகப் போகிறோம்?" என்று முடித்திருந்தாள்.

எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அங்கே வளர்ந்த எல்லாருக்கும் பல்லில் பழுப்புக் கோடு விழுந்திருக்கும். பல் என்றாலே அப்படித்தான் என்று, பொம்மிடிச் சந்தையில் வெளியூர்க்காரர்களின் வெள்ளைப் பல்லைப் பார்க்கும் வரை நான் நினைத்திருந்தேன்.

கட்டுரைக்குப் படம் வேண்டுமென்று சித்தி தோழியின் செல்போனை வாங்கி வந்து, தெருப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பல்லைக் காட்டச் சொன்னாள். பத்து வயதான என் வாய் தேர்வானது. உதடும் பல்லும் மட்டும்தான் படத்தில், கீழே ஊர்ப் பெயர். எந்தப் போட்டியிலும் ஜெயித்தறியாதவள் நான். மடல் வந்ததும் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லத் திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையே ஆட்கள் வந்துவிட்டார்கள். மடல் செல்போன்களில் ஏறிச் சுற்றுப்பட்ட ஊரெல்லாம் போய்விட்டது. ஊரில் ஒரு பெண்ணுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தக்காரர்கள், உங்கள் ஊர்ப் பெண்ணே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஏம்மா, படிக்க அனுப்புனா ஊரு பல்லத்தான் புடுங்குவியா?" என்றார் ஊர்ப் பெரியவர்.

"பல்லு கெட்டது தண்ணியாலங்க. நான் எழுதியா கெட்டுது?" என்றாள் சித்தி.

"அது கெடக்கட்டும். இது எந்தப் புள்ள வாயின்னு சொல்லிப்புடு. அவ ஒருத்திக்குத்தான் இப்படின்னு சொல்லிட்டா, மத்த புள்ளைங்க தப்பிச்சுக்கும்."

கூட வந்தவர்கள் அத்தனை பேரும் பழுப்புப் பல் தெரிய அதை ஆமோதித்தார்கள்.

நான் துள்ளி எழுந்து "என்..." என்பதற்குள் சித்தியின் கை என் வாயைப் பொத்தியது.

"என்னுதுதாங்க," என்றாள். சிரிக்கும்போதுகூடத் துப்பட்டாவால் வாயை மறைக்கிறவள், அத்தனை பேருக்கு முன்னால் பல்லை விரியக் காட்டினாள். நான் ஆத்திரத்தில் அவள் உள்ளங்கையைக் கடித்தேன். கையை அவள் எடுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அதியமான்கோட்டையிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வர வேண்டியவர்கள் வரவில்லை. என் படத்தைத் திருடினவளுக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவதோடு நான் நின்றுவிட்டேன். திருப்பூர், ஓசூர், பெங்களூரு என்று வேலை கிடைத்த பக்கமெல்லாம் போனேன். எங்கேயும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை, சில நாள் பட்டினியும் உண்டு. ஆனால் படத்தில் வந்த பெண் நீதானே என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கல்யாணப் பேச்சிலும் கேட்கவில்லை. சித்தியைக் கேட்டார்கள். பல வருஷம் கேட்டார்கள். ஊருக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் பிற்பாடு வந்தது. மடலால் வந்ததா, தானாக வந்ததா, தெரியாது. சித்திக்கு நான் பட்டிருக்கும் கடனுக்கும் அந்தக் குழாய்க்கும் சம்பந்தமில்லை.

பெண் பார்க்க வராமல் போன அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில், பஸ்ஸுக்குக் கிளம்பிய சித்தியை வழிமறித்தேன்.

"அது என் பல்லுன்னு ஊருக்காரங்ககிட்டப் போய்ச் சொல்லு."

"சொல்றேன்டி. உன் கல்யாணம் முடிஞ்ச மறுநாளு சொல்றேன்."

அதுவரைக்கும் என் படத்தைத் தானே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது.