ஸ்டோவர் தீவின் கடைசிப் படகு

வானொலியில் கடல்நிலை சொல்லும் குரலோடு சண்டை போட்டபடிதான் ஏவிஸ் குரோலி காபி போடுவாள். "தெக்குக் காத்தா? உன் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் இருக்குன்னு முதல்ல பாரு, கண்ணு" என்பாள். பெட்டிக்குள் இருப்பவர் அதைக் காதில் வாங்காமல் அலையின் உயரத்துக்குப் போய்விடுவார். அவள் ஜன்னலைத் திறந்து, தபால் நிலையத்துக் கொடிமரத்தில் கயிறு தட்டும் சத்தத்தைக் கேட்டு, தன் முடிவைத் தானே எடுத்துக்கொண்டு துறைக்கு இறங்குவாள்.

துறையின் கோடியில் இருக்கும் இரைக் கொட்டகை அவளுடையது. சிங்கி இறால் பிடிக்கும் படகுகள் விடியுமுன் அங்கே வந்து நிற்கும். கூண்டுகளில் வைக்க உப்பிலிட்ட ஹெர்ரிங் மீனை வாரி வாரிப் பீப்பாய்களில் கொட்டுவாள். வயது அறுபதை நெருங்கிவிட்டது. தோள்கள் மட்டும் முப்பதிலேயே நின்றுவிட்டன. அந்த நாற்றம் சோப்புக்கு அடங்குவதில்லை. மளிகைக் கடை வரிசையில் அவள் வந்து நின்றால், "நீ முதல்ல வாங்கிட்டுப் போ, ஏவிஸ்" என்று எல்லோரும் ஒதுங்குவார்கள். "மகாராணிக்குக்கூட இப்படி வழி விட மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே, வேண்டுமென்றே சில்லறையை மெதுவாகப் பொறுக்குவாள். அவளுக்கு எல்லோரும் கண்ணுதான். திட்டும்போதும் கண்ணுதான்.

ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை தீவைச் சுற்றிப் படகுப் போட்டி. கயாக் என்னும் ஒடுங்கிய ஒற்றையாள் படகுகள், தண்டு வலிக்கும் படகுகள் எல்லாம் ஒன்றாகப் புறப்படும், ஒன்பது மைல். இரை ஏற்றும் அதே பலகைப் படகில்தான் ஏவிஸ் ஒவ்வோர் ஆண்டும் கலந்துகொள்வாள். ஒவ்வோர் ஆண்டும் அவளே கடைசி. துறையில் சூப் அண்டா காலியாகும் நேரத்துக்கு அவளுக்கென்று ஒரு கிண்ணத்தை யாராவது மூடி வைப்பார்கள். அமெரிக்காவின் மெயின் மாநிலக் கரையிலிருந்து பளபளக்கும் கயாக்குகளோடு வருகிறவர்களைப் பார்த்து, "பட்டாணிக் காய்க்குள்ள உக்காந்து போறானுங்க" என்பாள். தண்டு வலிக்கிறவருக்கு முதுகுதான் போகும் திசை. கண் வந்த வழியில் இருக்கும். அதைக் கேலி செய்தால், "முன்னாலயே பாத்துட்டுப் போனா, பின்னால எவன் செத்தான்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்பாள். போன ஆண்டு வரை அது வெறும் பேச்சு.

போன ஆண்டு, தீவின் பின்பக்கத்தில், பட்டடைப் பாறைகளை நெருங்கும்போது பனிமூட்டம் இறங்கியது. காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக மோதிக் கடல் குத்துக்குத்தாக எழும் இடம் அது. அங்கே ஒரு சிவப்புக் கயாக் தயங்கி நின்றது. மார்செல் பெல்த்தியே என்ற இளைஞன், நல்ல ஆகிருதி, முதல் முறை வந்தவன். பல ஆண்டுகளில் ஏவிஸ் முந்திய முதல் ஆள் அவன்தான்.

"கண்ணு, என்னைப் பின்னால விட்டுட்டுப் போறதுதான் இங்க வழக்கம்" என்றாள்.

"கை ஓஞ்சுபோச்சு. நீங்க போங்க, நான் மெதுவா வரேன்" என்று சிரித்தான்.

அவள் வலித்துக்கொண்டு போனாள். கண் அவன்மேல் இருந்ததால்தான் கண்டாள்: சிவப்புப் படகு அடிவயிற்றைக் காட்டியது. முன்னால் போன அத்தனை பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. படகைத் திருப்பினாள்.

மிதவைச் சட்டை போட்டிருந்தான். ஆனால் உள்ளே வெறும் பருத்திச் சட்டை. அந்தத் தண்ணீர் எலும்பைத் தேடிப் போகும் தண்ணீர். இரண்டு முறை தூக்கிப் பார்த்தாள். இரண்டு முறையும் விளிம்பு தாழ்ந்து கடல் உள்ளே வந்தது. "வேணாம், நீங்களும் விழுந்துருவீங்க" என்றான் அவன். கக்கத்துக்கடியில் கயிற்றைச் சுற்றிப் படகோடு கட்டினாள். இழுத்துக்கொண்டு வலித்தால் நீரோட்டம் இருவரையும் பாறைப் பக்கம் தள்ளியது. நங்கூரத்தைப் போட்டுவிட்டு, அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு, ஊதலை ஊதினாள். ஊதி, பேசி, மறுபடி ஊதினாள்.

பின்னால் வரவேண்டிய காவல் படகு அவளுடைய சித்தப்பா மகன் ராய்ஸுடையது. அவன் அதற்குள் துறைக்கே போய்விட்டிருந்தான். "மிச்சம் ஏவிஸ்தானே, அவ எப்படியும் வந்துருவா" என்று சூப்பைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னானாம். கடைசியாக யாரோ சிவப்புக் கயாக் எங்கே என்று கேட்ட பிறகுதான் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவன் படகு பனியைக் கிழித்து வந்து சேர்ந்தபோது, மார்செலின் நடுக்கம் நின்று வெகு நேரம் ஆகியிருந்தது.

ஊர் துக்கம் காத்தது. பிறகு ஊர் பேசியது. "பாறைக்கு இழுத்துட்டுப் போயிருக்கலாம்." "கயிறை முன்னாடியே கட்டியிருக்கலாம்." இதையெல்லாம் அவள் கொட்டகையில் இரை வாங்கிக்கொண்டேதான் பேசினார்கள். ஏவிஸ் பீப்பாயை நிரப்பினாள், மூடியை அறைந்தாள். ராய்ஸ் வந்தால் மட்டும் கண்ணு வராது. ஒரு சொல்லும் வராது. மீன் விழும் சத்தம் மட்டும்.

இந்த ஆண்டு போட்டிக்கு முந்தின நாள் அவன் வாசலிலேயே நின்றான். தொப்பி கையில் இருந்தது.

"நாளைக்குக் கடைசிப் படகுக்குப் பின்னாலதான் வருவேன், ஏவிஸ். சத்தியமா."

"வா. வராட்டியும் நான் போவேன்" என்றாள். ஓராண்டில் அவனோடு பேசியது அவ்வளவுதான்.

அன்று மாலைத் தபால் படகில் ஒரு பெண் வந்து இறங்கினாள். லுசில் பெல்த்தியே, மார்செலின் அம்மா, உள்நாட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நேராகக் கொட்டகைக்கு வந்தாள். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

"மார்செலைப் பிடிச்சிட்டு இருந்தது நீங்கதானா?"

"ஆமா."

"நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க."

"தண்டு வலிக்கத் தெரியுமா?"

"பஸ் ஓட்டத் தெரியும்."

"அப்ப சும்மா உக்காந்து வாங்க. கம்பளிதான் போடணும். பருத்தி மட்டும்..." ஏவிஸ் வாக்கியத்தை முடிக்கவில்லை. லுசில் தலையை மட்டும் அசைத்தாள்.

மறுநாள் துறையில் நின்றவர்கள் பின்பலகையில் உட்கார்ந்திருப்பது யாரென்று தெரிந்ததும் கைதட்டலை நிறுத்திக்கொண்டார்கள். வானம் தெளிவாக இருந்தது. அதுவே ஒரு கொடுமை. மற்றப் படகுகள் முனையைத் தாண்டி மறைந்தன. ராய்ஸின் படகு, இயந்திரத்தைத் தணித்து, எட்ட இருந்தே வந்தது. இரண்டு பெண்களும் எதிரெதிரே, முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

பாறைகள் தெரிந்ததும் லுசில் கேட்டாள்: "இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி."

"கொஞ்ச நேரம் நிறுத்துவீங்களா?"

"முடியாது. இங்க நிறுத்தினா தண்ணி நம்மள விடாது."

லுசில் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். "அவன் ஒண்ணுமே பேசலைன்னு போலீஸ்ல எழுதியிருந்துச்சு."

"நான்தான் அப்படிச் சொன்னேன். அது அவங்களுக்கு எதுக்கு?"

"என்ன பேசினான்?"

ஏவிஸ் ஐந்தாறு முறை வலித்தாள். இனிப்பாக எதையாவது சொல்லிவிட்டிருக்கலாம். எதிரே இருந்த முகமும் அதைத்தான் கேட்டது.

"தூங்க விடாதீங்கன்னான். எனக்கு என்ன பேசத் தெரியும்? மீனைப் பத்திப் பேசினேன். உப்பு எவ்வளவு போடணும், எந்த மீன் சீக்கிரம் அழுகும்னு. கேட்டுட்டுத்தான் இருந்தான். ஒரு தடவை சிரிச்சான்கூட. அப்புறம் கோபப்பட்டான், எல்லாரையும் திட்டினான். நல்லாத்தான் திட்டினான்."

"என்னை..."

"உங்களைக் கூப்பிடல, கண்ணு. கடைசியில நாயைக் கூப்பிட்டான். பிஸ்கட், பிஸ்கட்னு. வா, வீட்டுக்குப் போலாம்னு."

லுசிலின் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "அது செத்துப் பதினஞ்சு வருஷமாச்சு" என்றாள். "ஸ்கூல் விட்டா ரோட்டுக்கே வந்து நிக்கும். என் பஸ்ஸுக்கு முன்னால ஓடும்."

அலை படகை ஒருக்களித்தது. ஏவிஸ் கால்களை ஊன்றிச் சமாளித்தாள்.

"எந்தப் பக்கம் பிடிச்சிருந்தான்?"

ஏவிஸ் தாடையால் காட்டினாள். லுசில் மெல்ல நகர்ந்து, அந்த விளிம்பின்மேல் கையைப் போட்டு, கம்பளிச் சட்டைக் கையோடு மணிக்கட்டு வரை கடலுக்குள் விட்டாள். சுருக்கென்று தோள் குலுங்கியது. ஆனால் கையை எடுக்கவில்லை.

பாறைகள் கடந்தன. கை அங்கேயே இருந்தது. சாய்ந்த அவள் எடையும் தண்ணீரில் இழுபட்ட கையும் சேர்ந்து படகை அந்தப் பக்கமே திருப்பப் பார்த்தன. பின்னால் ராய்ஸ் இயந்திரத்தை இன்னும் தணித்தான். துறை தூரத்தில் தெரிந்தது. கரையில் யாரும் கலைந்து போயிருக்கவில்லை. கையை உள்ளே எடுத்துக்கொள்ளும்படி ஏவிஸ் சொல்லவில்லை. உடம்பைச் சற்றே திருப்பி, அந்தப் பக்கத்துத் தண்டை மட்டும் ஒவ்வொரு வலிப்புக்கும் கூடுதலாக இழுத்து, படகை நேராக வைத்துக்கொண்டாள்.