பிதுங்கிய கண்

தைராய்டு கோளாறில் என் கண்கள் பிதுங்கி நின்ற காலம். சத்தியவேட்டில் தம்பி வீட்டுக்குப் போனால், அவன் மனைவி கைக்குழந்தையை முந்தானையால் மூடிவிடுவாள்.

"புள்ள தூங்கிக்கினு கீது அண்ணி."

தூங்குகிற பிள்ளை முந்தானைக்குள் காலை உதைத்துக்கொண்டிருக்கும். நான் படியிறங்கியதும் மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவாள். திருஷ்டி இருந்தால் நெடி வராது என்பார்கள். கம்பெனி பஸ்ஸுக்குத் தெருமுனையில் நிற்கும் எனக்கே இருமல் வரும். ஆனாலும் அடுத்த முறையும் சுற்றினாள்.

திருப்பதியில் ஆபரேஷன் செய்தார்கள். கண் குழியின் எலும்பைக் கொஞ்சம் வெட்டியெடுத்து, கண்கள் உள்ளே அமர இடம் உண்டாக்கினார்கள். வீக்கம் வடிந்ததும் அவளே வந்து குழந்தையை என் மடியில் போட்டாள்.

"உன்னையே பாத்துக்கினு கீறான் பாரு அண்ணி!"

நானும் பார்த்தேன், அவள் பயந்த அதே கண்களால். டாக்டர் எடுத்தது எலும்பை மட்டும்தான்.