பாவு நூல் பிரேக்கு

சென்னகேசவன் அண்ணனுக்கு இரண்டு தொழில் என்று அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் சொல்வார்கள். ஒன்று தறி. அவர் நெய்த சேலையை யாரும் குறை சொன்னதில்லை. இன்னொன்று பழைய சைக்கிளைப் பழுது பார்ப்பது. அதைத் தொழில் என்பது எங்கள் தெருவின் பெருந்தன்மை. அவர் அதற்குக் கூலி கேட்கமாட்டார். கேட்டாலும் கொடுக்க ஆளில்லை. விவரம் தெரிந்த யாரும் தன் சைக்கிளை அவர் கண்ணில் படும்படி நிறுத்துவதில்லை.

அதனால் அவர் தன் வண்டியையே திரும்பத் திரும்பப் பழுது பார்த்தார். அதை அறுபதுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். உடம்பு ஒரு தபால்காரர் தலைமுழுகியது. முன் சக்கரம் நரிக்குடிச் சந்தையில் கிடைத்தது. ஹேண்டில்பார் ஒரு பால்காரருடையது, அதனால் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். சீட்டு யாருடையது என்று அவருக்கே தெரியாது. சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்ப்பார், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழையைச் சுண்டிப் பார்ப்பது மாதிரி. திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் நூல் கட்டியிருப்பார். எது கழன்றாலும் தறிக்காரன் கைக்கு முடிச்சுத்தானே முதலில் வரும்!

எங்கள் பக்கம் அமாவாசைக்குத் தறி ஓடாது. மற்ற ஆண்கள் தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு, மத்தியானம் சினிமாக் கொட்டகைக்குக் கிளம்புவார்கள். அண்ணன் விடிந்ததும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி எண்ணெய் விட ஆரம்பிப்பார். பிறகு உச்சி வெயிலில் பரளச்சிப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வருவார். அங்கே என்ன சோலி என்று கேட்டால், "காத்து நல்லாருக்கும்ல" என்பார். அந்தக் காட்டில் வீசுவது அனல் என்பது ஊருக்கே தெரியும்.

அவர் மனைவி கோகிலாம்பாள் மதினி. அவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம். எதிர்வீட்டுக்காரியான எனக்குத் தமிழைத் தவிர ஒன்றும் ஓடாது. ஆனாலும் அந்த வீட்டுச் சண்டை ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை. நல்லது பொல்லாததெல்லாம் கன்னடத்தில் பேசிவிட்டு, சண்டையை மட்டும் மதினி தமிழில் போடுவாள். தெருவும் கேட்டு நியாயம் சொல்ல வேண்டும் அல்லவா?

பெரிய சண்டை எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுப் பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தோம். மெயின் ரோட்டுச் சரிவிலிருந்து அண்ணன் சைக்கிளை மிதித்தபடி தெருவுக்குள் இறங்கினார். "பிரேக்கு இல்லே! பிரேக்கு இல்லே!" என்று கத்திக்கொண்டே வந்தார். என் வீட்டுக்காரர் ஒதுங்கிவிட்டார். பாவு எங்கே ஒதுங்கும்? நட்ட நடுவில் புகுந்து, நூலில் சிக்கி, சைக்கிளோடு கிடந்தார். அறுந்த இழைகளைப் பிணைக்கத் தெருவே பொழுது சாயும்வரை உட்கார்ந்தது. அண்ணனும் தலை நிமிராமல் உட்கார்ந்து பிணைத்தார். எனக்கு வயிறெரிந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

தெரு வழக்கையெல்லாம் தீர்த்துவைக்கிற பெரியதனக்காரர் அப்பய்யா தீர்ப்புச் சொன்னார். "தெருவுல பாவு போட்டிருக்கிற நேரத்துல சென்னகேசவன் எறங்கி, வண்டிய உருட்டிக்கிட்டுத்தான் போகணும்."

மதினிக்கு அது போதவில்லை. வாசலில் நின்று தமிழில் ஆரம்பித்தாள். "கல்யாணமாகி இத்தன வருசத்துல நான் இந்த வண்டியில ஏறுனதில்ல. வார அமாவாசைக்குத் திருச்சுழியில என் தங்கச்சி வீட்டுக் காதுகுத்து. கேரியர்ல ஏறி வாரேன். போயிட்டுத் திரும்பி இந்த வாசல்ல எறங்குற வரைக்கும் பிரேக்கு பிடிக்கணும். பிடிச்சா வண்டி இருக்கட்டும். பிடிக்கலேன்னா மறுநாளே பழைய இரும்புக் கடைக்கு!"

அண்ணன் முகம் சுண்டிப்போனது. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிற மனுசனுக்கு மாதத்தில் சைக்கிள் மிதிக்கிற அமாவாசை ஒரு நாள்தான் கால் இருக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அது நினைவுக்கு வந்ததும், அறுந்த பாவையும் மறந்து எனக்குப் பாவமாகிவிட்டது.

பின் பிரேக்கை இழுக்கிற நீளக் கம்பி துருப்பிடித்து ஒடிந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் கடைக்குப் போய் ஒரு கம்பி வாங்கியிருப்பார்கள். அண்ணன் பாவு நூலை எடுத்தார். பல புரியாக முறுக்கி, கஞ்சி போட்டு, வெயிலில் காயவைத்து, கம்பி இருந்த இடத்தில் விறைப்பாகக் கட்டினார். என் வீட்டுக்காரர் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. தெரு முழுக்கத் தறிக்காரர்கள், வந்து பார்த்துத் தலையாட்டினார்கள். அந்தக் கயிற்றில் என்ன கோளாறு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். ஆனால் மழை பெய்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அமாவாசையன்று நடந்ததை மறுநாள் குழாயடியில் மதினி எங்களுக்கு நடித்தே காட்டினாள். அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

தார் ரோடு பஸ்ஸுக்கு என்று சொல்லிவிட்டு, அண்ணன் கரிசல் காட்டு வண்டிப்பாதையில் விட்டாராம். காய்ந்த கரிசல் தளம் போட்டது மாதிரி இருக்கும். திருச்சுழிக்குச் சற்று முன்னால் ஓர் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. அண்ணன் பிரேக்கைப் பிடித்தார். வண்டி நின்றது. ஒரு குட்டிமேல்கூடப் படவில்லை. பெருமையாகத் திரும்பிப் பார்த்தாராம். "ஆட்டுக்கு நல்ல காலம்" என்று மட்டும் மதினி சொன்னாளாம்.

காது குத்தி, சாப்பிட்டு, அதே பாதையில் திரும்பினார்கள். பாதி வழியில் மேகம் திரண்டு மழை கொட்ட ஆரம்பித்தது. காட்டில் நின்றவர்கள் யாரும் ஒதுங்க ஓடவில்லை, நனைந்துகொண்டே சிரித்தார்கள். அண்ணனும் பால்காரர் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு ஏதோ பாட்டு முணுமுணுத்தபடி மிதித்தார். கொஞ்சத் தூரத்தில் பெடல் கனக்க ஆரம்பித்தது. பாட்டு நின்றது. மூச்சு வாங்கியது.

"என்ன கோகிலா, தங்கச்சி வீட்டுல பாயசம் ரெண்டு தடவ வாங்குனியோ?"

"ஒரு தடவதான் வாங்குனேன். வாய மூடிக்கிட்டு மிதிங்க."

அதற்குப் பிறகு மிதிக்கவே முடியவில்லை. பின் சக்கரம் அப்படியே இறுகி நின்றது. இருவரும் மெதுவாகச் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்தார்கள்.

அண்ணன் செயினைப் பார்த்தார், பெடலைப் பார்த்தார். மதினி எழுந்து வந்து பிரேக்குக் கயிற்றைத் தொட்டாள். அவளும் தறிக்காரர் வீட்டுப் பெண். தொட்டதுமே தெரிந்துவிட்டது.

"பாவு நூலுல்ல இது! நனைஞ்சா முறுக்கேறிச் சுருங்கும்னு உங்களுக்குத் தெரியாதா? சுருங்கிச் சுருங்கிப் பிரேக்குக் கட்டைய ரிம்மோட சேத்துப் பிடிச்சுக்கிருச்சு."

அண்ணனுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். மழையைத்தான் அவர் மறந்து போயிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிய நின்று, எதிர்வழக்காடாமல் சொன்னார். "சரி, கோகிலா. நாளைக்கு இரும்புக் கடைக்காரன வரச் சொல்லுறேன்."

அவர் கை சீட்டின் மேல் இருந்ததாம். மாட்டை விற்கிறவன் அதன் முதுகில் கை வைத்திருக்கிற மாதிரி இருந்தது என்றாள் மதினி. அந்த இடத்தில் அவள் குரலும் கொஞ்சம் இறங்கிவிட்டது. எங்களுக்கும் சிரிப்பு நின்றது.

"எதுக்கு வரச் சொல்லணும்?" என்று கேட்டாளாம். "பிரேக்கு பிடிக்கலேன்னாத்தான இரும்புக் கடை? இது பிடிச்ச பிடிய விடலையே! இந்த ஊர்ல இப்பிடிப் பிடிக்கிற பிரேக்கு வேற யாருகிட்ட இருக்கு?"

சொல்லிவிட்டுக் குனிந்து, இறுகிக் கிடந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். சக்கரம் விடுபட்டது. ஆனால் அதற்குள் கரிசல் மண் களியாகி மட்கார்டை அடைத்துவிட்டது. அண்ணன் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார். மதினி அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். தார் ரோடு வரும்வரை மனுசன் சைக்கிளைச் சுமந்தார்.

"அப்ப வேற ஒண்ணும் பேசிக்கிடலையா, மதினி?" என்று நான் கேட்டேன்.

"பேசுனோம். தமிழ்ல இல்ல" என்றாள். என்ன பேசினார்கள் என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரமே மதினி கடையில் முன்னால் நின்று இரும்புக் கம்பி வாங்கிப் போடவைத்தாள். கேரியரில் பழைய சேலையை மடித்து மெத்தை மாதிரி கட்டியிருந்தது. அதைக் கட்டிய முடிச்சு அண்ணன் போட்டது இல்லை. அண்ணன் முடிச்சு எனக்குத் தெரியாதா?

ஒருநாள் காலையில் நாங்கள் தெருவில் பாவை இழுத்துக் கட்டியிருந்தோம். தங்கை வீட்டுக்கு இருவரும் கிளம்பினார்கள். தீர்ப்புத் தீர்ப்புத்தானே. அண்ணன் வாசலிலேயே இறங்கி நின்று வண்டியை உருட்ட ஆரம்பித்தார். மதினி கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்தவள் இறங்கவே இல்லை. எங்கள் பாவின் ஓரமாக, தேரில் போகிற சௌடேஸ்வரி அம்மன் மாதிரி, அண்ணன் தள்ளத் தள்ள நிமிர்ந்து உட்கார்ந்து போனாள். அப்பய்யா கஞ்சிக் கையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, எறங்கி நடக்கக் கூடாதா?" என்றார்.

"நீங்க அவுகளத்தான எறங்கச் சொன்னீக" என்றாள் மதினி, தெருவுக்கே கேட்கும்படி, தமிழில்.