குதிரைக் கயிற்றில் காய்ந்த கால்சட்டைகள்

வழிப்பயணிகள் தங்கும் எல்ம் க்ரீக் முகாமில் வெர்னா டாலஃப்சன் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. கோடை முழுக்க அங்கே காவல் அவள்தான். சம்பளம் கிடையாது, தன் வண்டிவீட்டை நிறுத்தவும், க்ளோவர் என்ற பழுப்புக் குதிரையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளவும் இடம் உண்டு. புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருந்த ஒரே ஜீவன் அந்தக் குதிரை. குதிரையால் ஒரு தொல்லையும் இல்லை. மனிதர்கள்தான் அவள் உயிரை எடுத்தார்கள்.

பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு முகாம் வழியாகப் போட்ட பாதை குதிரைக்கும் சைக்கிளுக்கும் பொது என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தானோ! சக்கரத்தில் குதிரை லத்தி ஒட்டிக்கொண்டது என்று சைக்கிள்காரர்கள் வருவார்கள். சைக்கிளைக் கண்டு குதிரை மிரண்டது என்று குதிரைக்காரர்கள் வருவார்கள். எல்லாரும் வெர்னாவின் கதவைத்தான் தட்டுவார்கள், அதுவும் அவள் காபியை வாயில் வைக்கிற நேரம் பார்த்து.

முகாமில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே தலைக்கு மேலே ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருக்கும். குதிரையை அதில்தான் கட்ட வேண்டும். சாப்பாட்டு மேஜையில் கட்டக் கூடாது. இழுத்தால் மேஜையும் கூடவே வரும், குதிரை அலறியடித்து ஓடும். ஒவ்வொரு மேஜையிலும் வெர்னா அதைத் தன் கையால் எழுதி ஒட்டியிருந்தாள். படித்தவர்தான் யாருமில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் க்ளோவர் மேல் முகாமுக்குத் திரும்பும்போது, பின்னாலிருந்து ஒரு சைக்கிள்காரர் வாயே திறக்காமல் உரசுவது போலப் போனார். க்ளோவர் துள்ளியதில் வெர்னா கீழே விழாதது அதிர்ஷ்டம். முகாமுக்குள் வந்து இறங்கினால், குதிரைக் கயிறு நெடுகச் சைக்கிள்காரர்களின் ஈரக் கால்சட்டைகள். வெர்னாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒரு நிமிஷம்தானே என்று க்ளோவரைப் பக்கத்து மேஜையில் முடிந்துவிட்டு, உரசிப் போன அந்தச் சைக்கிள் ஆளைப் பிடிக்கப் போனாள்.

"யோவ், வாயில என்ன கொழுக்கட்டையா? பின்னால வர்றவன் ஒரு வார்த்தை பேசினா என்ன?"

"மணி அடிச்சேனேம்மா," என்றார் அவர். கர்ட் நீமன், பல் டாக்டர்.

"குதிரைக்கு மணிச் சத்தம் என்னத்தப் புரியும்? தலையில கவசம், மூஞ்சியில கருப்புக் கண்ணாடி. உங்கள மனுஷன்னு அது எப்படிக் கண்டுபிடிக்கும்? குரல் கேட்டாத்தான் தெரியும்!"

"குதிரைகிட்ட என்னம்மா பேசறது?"

"உங்க வீட்டுக் கதையப் பேசுங்க, யாரு வேண்டாம்னா!"

பின்னால் மரம் கரகரவென்று இழுபடும் சத்தம். வெர்னா திரும்பினாள். மேஜை புல்லில் இழுபட்டு வந்தது. அதைக் கண்டு மிரண்ட க்ளோவர் இன்னும் வேகமாக இழுத்தது. மேஜை கம்பத்தில் மோதிக் கவிழ்ந்தது, முடிச்சு அவிழ்ந்தது, குதிரை பாதையில் பறந்தது. அந்தப் பக்கம் மரப்பாலம். அதைத் தாண்டினால் பால் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை.

வெர்னா கத்திக்கொண்டே ஓடினாள். கத்தக் கத்தக் க்ளோவர் இன்னும் மிரண்டது. நல்லவேளை, பாலத்தின் பலகை குளம்பில் பட்டதும் தயங்கி நின்றது. இன்னும் ஓர் அடி வைத்தால் ஓடிவிடும் என்று வெர்னாவுக்குத் தெரிந்தது. மூச்சு வாங்கியது. அவள் நின்றுவிட்டாள்.

கர்ட் அவளைத் தாண்டி, குதிரையிடம் மெதுவாகப் பேசிக்கொண்டே நடந்தார். கவசமும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

"கேளும்மா, நான் கர்ட். சத்தியமா மனுஷன்தான். வீட்டுல மாமியார் வந்திருக்காங்க. அவங்க வாய்க்குப் பயந்துதான் சைக்கிள எடுத்துட்டு ஓடியாந்தேன். இங்க வந்தா இன்னொரு அம்மா. நீ எப்படித்தான் சமாளிக்கிறியோ, தாயி..."

க்ளோவரின் காது அவர் பக்கம் திரும்பியது. அவர் மாமியாரின் முட்டைக்கோஸ் குழம்பு வரைக்கும் சொல்லி முடித்தபோது கயிறு அவர் கையில் இருந்தது. வெர்னா குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதாள்.

முகாமில் மேஜை கவிழ்ந்து கிடந்தது. அவள் எழுதிய காகிதம் கிழிந்து புல்லில் கிடந்தது. அதைப் பொறுக்கிப் படித்துவிட்டு, கர்ட் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"குதிரைய எங்க கட்டணும்மா?"

வெர்னா வாயைத் திறந்தாள். தலைக்கு மேலிருந்த கயிற்றை மட்டும் கையால் காட்டினாள்.

"இருங்க," என்று சொல்லி, கர்ட் அந்தக் கயிற்றில் காய்ந்த தன் கால்சட்டையை உருவிக்கொண்டு குதிரைக்கு இடம் விட்டார்.