எவ்வளவு உப்பு போட்டாய்?

என் மகளின் அறிவியல் நோட்டில் ஒரு பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

மொரப்பூர் ரயில் நிலையத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு சின்ன அறையில் துணி தைக்கிறேன். பெரும்பாலும் ஜாக்கெட்டுகள்தான். மகள் ஒன்பதாம் வகுப்பு. போன புரட்டாசியில் அவளுடைய அறிவியல் சார், வீட்டில் செய்துபார்க்கச் சொல்லி ஒரு சோதனை கொடுத்தார். முட்டையை இரண்டு நாள் வினிகரில் ஊறவைத்தால் ஓடு கரைந்து, தோல் மட்டும் நிற்கும். அப்படி இரண்டு முட்டைகளை எடுத்து, ஒன்றை நல்ல தண்ணீரிலும் இன்னொன்றை உப்புத் தண்ணீரிலும் போட்டு, மறுநாள் என்ன ஆகிறது என்று பார்த்து எழுத வேண்டும். சவ்வூடு பரவல் என்று அதற்குப் பெயர்.

புரட்டாசியில் எங்கள் வீட்டுக்குள் முட்டை நுழையாது. “படிப்புன்னா கடையில வெச்சிப் படிக்கட்டும், வூட்டுக்குள்ள வேணாம்” என்று மாமியார் சொல்லிவிட்டார். அதனால் முட்டைகள் என் கடைக்கு வந்தன. பாபின் டப்பாவுக்கும் நூல்கண்டுகளுக்கும் நடுவில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். கடை முழுக்க வினிகர் வாடை. துணி கொடுக்க வந்த அக்கா ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “என்னாங்க, புரட்டாசி முடியற வரைக்கும் ஊறுகா போட்டு வெக்கிறீங்களா?” என்று கேலி செய்தார்.

ஓடு கரைந்ததும் மகள் என் இஞ்ச் டேப்பை எடுத்து முட்டையின் இடுப்பைச் சுற்றி அளந்தாள். நான் அளக்கிற மாதிரியே டேப்புக்குள் ஒரு விரலை விடப் பார்த்தாள். “முட்டைக்கு லூஸ் வேணாம்டி” என்றேன். இரண்டும் ஐந்தரை இஞ்ச் இருந்தன. மறுநாள் சாயங்காலம் நல்ல தண்ணீரில் கிடந்தது ஆறே காலுக்கு வந்திருந்தது. உப்புத் தண்ணீரில் கிடந்தது சுருங்க வேண்டுமாம். அதுவோ ஐந்தே முக்கால் காட்டியது. மூன்று முறை அளந்தாள். என்னை அளக்கச் சொன்னாள். ஜாக்கெட் வாங்க வந்த அதே அக்காவையும் அளக்க வைத்தாள். யார் அளந்தாலும் ஐந்தே முக்கால்தான்.

நோட்டில் அவள் எழுதினாள்: “இரண்டு முட்டைகளும் பெருத்தன. உப்புத் தண்ணீரில் போட்டது குறைவாகப் பெருத்தது. சுருங்கும் என்று புத்தகத்தில் உள்ளது. ஏன் இப்படி ஆனது என்று தெரியவில்லை.” அந்தக் கடைசி வரியைப் படித்து நான் பூரித்துப்போனேன். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுத எத்தனை பேருக்கு மனசு வரும்?

அந்த வரியின் மேல்தான் சிவப்புக் கோடு விழுந்தது. பக்கத்தில் ‘தவறு’. இரண்டு மதிப்பெண் குறைவு. போதாததற்கு, ‘உப்புக் கரைசலில் முட்டை சுருங்குகிறது’ என்று இருபது தடவை எழுதிவரச் சொல்லியிருந்தார். வகுப்பில் வேறு யாரும் முட்டையே வாங்கவில்லை என்று மகள் சொன்னாள். ஒருத்தி கைடைப் பார்த்து எழுதியிருக்கிறாள், மற்றவர்கள் அவளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண்.

எனக்கு ரத்தம் கொதித்தது. மதிப்பெண் போனால் போகட்டும். கண்ணால் பார்த்ததை எழுதினால் அடி விழும் என்று இந்தப் பிள்ளை பழகிவிட்டால் அப்புறம் அவளை யார் திருப்புவது? நான் ஆளை அளக்காமல், அளவு ஜாக்கெட்டையும் பார்க்காமல், முப்பத்தாறுதான் வர வேண்டும் என்று எழுதிக்கொண்டு தைத்தால் முகூர்த்தத்தன்று அந்தப் பெண் என்னைச் சும்மா விடுவாளா?

மறுநாள் இரண்டு முட்டைகளையும் டிபன் பாக்ஸில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். சார் ஆசிரியர் அறையில் இருந்தார்.

“நீங்களே அளந்து பாருங்க சார்” என்று மூடியைத் திறந்தேன்.

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “ஏம்மா, புரட்டாசியில முட்டையத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. மூடுங்க மொதல்ல. இந்த மாசம் நான் கையால தொடறதில்ல.”

“நீங்கதானுங்க சார் செய்யச் சொன்னீங்க.”

“சொன்னா செஞ்சே ஆவணுமா? நோட்டு கரெக்டா இருக்கணும், அவ்வளவுதாங்க. பரீட்சையில பெருத்துச்சுன்னு எழுதினா யாரு மார்க் போடுவாங்க? அளவுகூட இஞ்ச்ல எழுதியிருக்குது. சென்டிமீட்டர்ல எழுத வேணாமா?”

சென்டிமீட்டர் விஷயத்தில் அவர் சொன்னது சரி. அதை ஒப்புக்கொண்டேன். “ஆனா அவ கண்ணால பாத்ததத்தான் சார் எழுதியிருக்கறா” என்றேன்.

“கண்ணால் காண்பதும் பொய்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க இல்லீங்க?” என்று சிரித்தார்.

நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பழமொழி ‘தீர விசாரிப்பதே மெய்’ என்று முடிவது பாதி வழியில் பஸ்ஸில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இறங்கித் திரும்பிப் போகலாமா என்றுகூட நினைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமியார் என் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, “உப்பு எவ்வளோ போட்ட?” என்றார். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. மகளைக் கூப்பிட்டு அதையே கேட்டேன்.

“நாலு கல்லும்மா. சார் உப்புத் தண்ணின்னுதான சொன்னாரு.”

கடைக்குப் போய், அதே டம்ளரில் புதுத் தண்ணீர் ஊற்றி, இரண்டு கை கல் உப்பை அள்ளிப் போட்டு, அதே முட்டையை இறக்கினேன். மறுநாள் அது தண்ணீரில் நனைத்த லைனிங் துணி மாதிரி சுருங்கிக் கிடந்தது. புத்தகமும் பொய் சொல்லவில்லை, என் மகளும் பொய் சொல்லவில்லை. நடுவில் இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கரண்டி பிடித்த யாரும் கேட்கிற கேள்வி. அதைக் கேட்க அவருக்கு நேரமில்லை, கோடு போட நேரம் இருந்திருக்கிறது.

மகளைக் கடைக்குக் கூட்டிவந்து காட்டினேன். “இத எழுதி எடுத்துட்டுப் போடி.”

அவள் எட்டிப் பார்த்தாள். டேப்பை எடுக்கவில்லை. “வேணாம்மா. அந்தப் பக்கம் முடிஞ்சிருச்சு” என்றாள். இருபது தடவையையும் அவள் எழுதி முடித்திருந்தாள்.

ஐப்பசியில் அடுத்த சோதனை வந்தது. பத்து உலர்ந்த திராட்சைகளைத் தண்ணீரில் ஊறவைத்து முன்னும் பின்னும் அளக்க வேண்டும். இந்தத் தடவை விடக்கூடாது என்று நானே மளிகைக் கடைக்குப் போய்த் திராட்சை வாங்கிவந்தேன். மகள் துணி வெட்டும் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, பத்துத் திராட்சைக்கும் ஊறுவதற்கு முன் இவ்வளவு, ஊறிய பின் இவ்வளவு என்று சென்டிமீட்டரில், புள்ளி வைத்து, அழகாக நிரப்பியிருந்தாள்.

“இப்பத்தான்டி திராட்சையே வாங்கியாறேன்” என்றேன்.

“ஊறினா பெருசாகும்னு கைடுல இருக்குதும்மா. அளவெல்லாம் நானே போட்டுக்கிட்டேன்.”

அடிக்கக் கை ஓங்கினேன். யாரை அடிப்பது என்று தெரியாமல் இறக்கிக்கொண்டேன்.

இரண்டு நாளில் நோட்டு திரும்பி வந்தது. அதே சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று எழுதியிருந்தார். அலமாரியில் இருக்கிற திராட்சைப் பொட்டலத்தை நாங்கள் இன்னும் பிரிக்கவில்லை.