மணல் மாதத்தில் வந்த சம்பந்தம்

திருமணிமுத்தாறு காவிரியில் சேரும் இடத்தில் எங்கள் திட்டு இருந்தது. ஒன்பது வீடுகள். பத்து என்பவர்கள் வைக்கோல் கொட்டகையையும் சேர்த்துக்கொள்கிறார்கள், அது தவறு. ஆறு வந்து மோதும் மேல்தலை முழுக்கக் கூழாங்கல். வெள்ளம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டு போகும். வால்பக்கம் வண்டல் படியும். வாழையும் வெற்றிலையும் அங்கேதான். தலையில் போனது வாலில் வந்துவிடுகிறது, அளவு மாறவில்லை என்பார் அப்பா. நான் கயிறு பிடித்து அளந்தேன். மாறித்தான் இருந்தது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

என் அண்ணன் நாமகிரிப்பேட்டைப் பக்கம் விதை மஞ்சள் வாங்கப் போன வீட்டில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தான். கட்டினால் அவளைத்தான் என்றான். அவளுடைய அப்பாவும் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

"ஏனுங்க, ஆத்துல தண்ணி வரட்டுமே. அப்பறம் கூப்புட்டா ஆகாதுங்களா?" என்றாள் அம்மா.

"பரிசல்ல ஏத்துனா பயந்துக்குவாங்க புள்ள. சித்திரையில நடந்தே வந்துருட்டும்."

அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்கு முன் மூன்று சம்பந்தங்கள் பரிசலைப் பார்த்த உடனே கரையிலிருந்தே திரும்பியிருந்தன.

சித்திரையில் அவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். திருமணிமுத்தாறு வறண்டு கிடந்தது. எங்கள் பக்கத்துக் கிளையில் வெறும் மணல். காவிரி அக்கரையை ஒட்டி ஒரு வாய்க்கால்போல ஓடிக்கொண்டிருந்தது.

"தீவுன்னாங்க. செருப்புக்கூட நனையிலயே!" என்று சிரித்தார் பெண்ணின் சித்தப்பா.

பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. அவர் ஆற்றுப்பாசனம் இல்லாத மேட்டுக்காட்டுக்காரர். ஆழக் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்து, கவலை ஓட்டியே வயது போனவர். மகளாவது தண்ணீர் உள்ள இடத்தில் வாழட்டும் என்றுதான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. "ஆறு எங்கீங்க?" என்று கேட்டார். அப்பா அக்கரைப் பக்கம் கை நீட்டினார்.

"அது அக்கரைக்காரனுக்கு ஓடறதுங்க" என்றார் அவர்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து மணலைக் கையாலேயே தோண்டினான். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறிவிட்டது. "பாருங்க மாமா, இளநியாட்டம் இருக்கும்" என்று இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினான். மாமா என்று அவன் அவரைக் கூப்பிட்டது அந்த ஒரே தடவைதான்.

அவர் வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல தண்ணிதான் சாமி. தோண்டித்தான் குடிக்கோணும்னா அது எங்கூட்டுலயே இருக்குதே."

வைகாசியில் வாய்க்கால் பாசனமுள்ள வீடு ஒன்றில் பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். ஆனியில் எங்கள் இரண்டு பக்கமும் ஆறு நிரம்பியது. பரிசலில் வந்திருந்தால் அந்த மனிதர் நடு ஆற்றில் கையை நனைத்துப் பார்த்த பிறகு வேறு எதையும் கேட்டிருக்கமாட்டார். இதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது. பிறகு எத்தனையோ வீடுகளுக்குச் சொல்லி அனுப்பினார். யார் வந்தாலும் அண்ணன் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போய்விடுவான். அம்மா வாசலில் நின்று அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வந்தவர்கள் கிளம்பிய பிறகுதான் உள்ளே போவாள்.