என் கியரை மிதித்தது யார்?

இது கட்டிவிட்ட கதை இல்லை. நம்பாதவர்கள் போகலாம், கெஞ்ச மாட்டேன். எனக்கே நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை... பட்டப்பகலில். அந்த லீவர் இன்றும் என் வண்டியில்தான் இருக்கிறது. கழற்றவும் மாட்டேன்.

நான் ஹேமலதா. அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறேன். பொம்பளைக்குக் கியர் வண்டி எதுக்கு என்று கேட்காத வாய் கிடையாது. கேட்கட்டும்.

போன சித்திரையில் ஒருநாள், ரெட்டிபாளையம் தாண்டியதும் கியர் லீவர் அடியோடு முறிந்து விழுந்தது. மணி 12.40. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்ததால் மெக்கானிக் முத்துவேலிடம் பழைய லீவர் ஒன்றை வாங்கிப் பையில் போட்டு வைத்திருந்தேன். குவாரிக்குப் போகிற ரோடு. எங்கும் வெள்ளைத் தூசி. சாப்பாட்டு நேரம், ஒரு லாரியையும் காணோம். கருவேல மர நிழலில் வண்டியை நிறுத்தினேன். வண்டியில் மிஞ்சிய அடித்துண்டைக் கழற்றிவிட்டு, வாங்கிய லீவரைச் சொருகி, ஸ்பேனரால் போல்ட்டை முறுக்கினேன்.

டக்.

லீவர் தானாகக் கீழே இறங்கியது.

லூசாக இருக்கும் என்று ஆட்டிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. கையால் மேலே தூக்கிவிட்டேன்.

டக்... மறுபடியும்.

அப்போதுதான் தூசியைக் கவனித்தேன். லீவருக்குக் கீழே ஒரு காலடித் தடம். வெறுங்கால். இடது கால். ஓரடி தள்ளி இன்னொன்று... அதுவும் இடது. வலது காலே இல்லை.

நான் ஷூ போட்டிருந்தேன்.

ஓடவில்லை. என் வண்டியை விட்டுவிட்டு நான் ஏன் ஓட வேண்டும்?

"யாரா இருந்தாலும் சரி, காலை எடு! இது என் வண்டி!"

லீவர் இன்னும் அழுந்தியது.

ஸ்பேனரை ஓங்கினேன். லீவருக்கு மேலே, வெறும் காற்றில் அடித்தேன்.

காற்றில் படவில்லை.

சதை... உள்ளே எலும்பு...

லீவர் விடுபட்டது. கிக்கரை உதைத்துக் கிளம்பினேன்.

நேராக முத்துவேலிடம் போனேன். நடந்ததைச் சொல்லவில்லை.

"இது யாரு வண்டி லீவரு? ஆளு செத்துட்டாரா?"

"ஐயோ, இல்லீங்க. அரும்பாவூர் சாமிதுரை. லாரியில அடிபட்டாரு. உசுரோடதான் இருக்காரு."

மறுநாள் அரும்பாவூருக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடித்தேன். சாமிதுரை கட்டிலில் சாய்ந்திருந்தார். இடது கால் முழங்காலோடு முடிந்திருந்தது.

அவர் மனைவி குஞ்சம்மாள் என்னை ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைத்துவிட்டார். "வாங்கம்மா. நேத்து மத்தியானம் திடீர்னு அலறிட்டாரு. இல்லாத கால்ல அடி விழுந்துச்சுங்கிறாரு."



சாமிதுரை என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"காலை எடு, காலை எடுன்னு கத்துனீங்களே... அதைத்தான் போன வருசமே எடுத்துட்டாங்களேம்மா."